நாற்பது தலை, ஒரு வாய்

நாற்பது தலை, ஒரு வாய். அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்.

அவசரமில்லை, யோசியுங்கள். எச்.எம். மண்டல ஆபீஸ் மீட்டிங்கிற்குப் போயிருக்கிறார். பதினொரு மணிக்கு வந்துவிடுவேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். மீட்டிங்கிற்குப் போனவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். டீ சொல்லியிருக்கிறேன்.

தீப்பெட்டியா? நல்ல பதில்தான். குச்சிகளுக்குத் தலை உண்டு, பெட்டிக்கு வாய் ஒன்று. என் வகுப்புப் பிள்ளைகளும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அது இல்லை.

நான் அஞ்சுகம். ஐந்தாம் வகுப்பு டீச்சர். போன வருஷம் இதே பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு எடுத்தேன். அவர்கள் மேலே வந்தார்கள், நானும் கூடவே வந்தேன். விடுகதை என்னுடையது இல்லை. என் வகுப்பில் கெசியா என்று ஒரு பெண். அவள் போட்டது. விடையைச் சொல்கிறேன், இருங்கள். அதற்கு முன்னால் மற்றதைச் சொல்ல வேண்டும்.

உங்கள் காகிதத்தைப் பார்த்தேன். "கல்லூரியும் மாநகராட்சிப் பள்ளியும் கைகோத்து" என்று போட்டிருக்கிறது. போன வருஷம் வந்தவர்களும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். அது வேறு பல்கலைக்கழகம், நீங்கள் வேறு, எனக்குத் தெரியும். உங்களைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். இதில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

பேராசிரியர் சத்தியசீலன் என்று ஒருவர் வந்தார். கல்வியியல் துறை. எச்.எம்.முக்குச் சால்வை போட்டார், கல்வி அலுவலருக்கும் போட்டார். எங்களைக் "கூட்டாளிப் பள்ளி" என்று அழைத்தார். எல்லாரும் கை தட்டினோம். பிறகு எங்கள் பள்ளியிலேயே நல்ல மின்விசிறி இருக்கிற அறையைக் கேட்டார்கள். மாடிப்படிக்குப் பக்கத்து அறை. அதில் சத்துணவு அரிசி மூட்டை இருந்தது. மூட்டையை நாங்கள்தான் நகர்த்தினோம். கூட்டாளிகள் அன்றைக்கு வரவில்லை.

தினமும் வந்தது ஆராய்ச்சி மாணவி ஒருத்தி. நிரஞ்சனா என்று பெயர். சின்னப் பெண். பிள்ளைகள் "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே போனார்கள். கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாள் என் வகுப்பு வாசலில் வந்து நின்று, "டீச்சர், உங்க குரல் அந்த ரூம் வரைக்கும் கேக்குது. கொஞ்சம் மெதுவாப் பேச முடியுமா? பசங்க கவனம் சிதறுது" என்றாள். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் குரலில்தான் பாடம் நடத்துகிறேன். பக்கத்திலே கால்வாய்ப் பாலம், லாரி போகிறது, வருகிறது. மெதுவாகப் பேசினால் இரண்டாவது பெஞ்சுக்குக் கேட்காது. கதவைச் சாத்திக்கொண்டேன்.

இரண்டாவது பெஞ்சு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் வெளி ஆள், உங்களிடம் சொல்வதில் தப்பில்லை. எல்லாப் பள்ளியிலும் இருப்பதுதான். ஆபீசர் வருகிற அன்றைக்கு, நன்றாகப் பதில் சொல்கிற பிள்ளையை இரண்டாவது பெஞ்சில் ஓரமாக உட்கார வைப்போம். முதல் பெஞ்சில் வைத்தால் ஏற்பாடு என்று தெரிந்துவிடும். கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்க வேண்டும். தெரிந்தவர்கள் விரலை நீட்டித் தூக்க வேண்டும், தெரியாதவர்கள் விரலை மடக்கித் தூக்க வேண்டும். ஆபீசருக்கு நாற்பது கை தெரியும். எனக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியும். இதில் பொய் ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்குப் பயம் போகும், ஆபீசருக்குச் சந்தோஷம்.

இரண்டாவது பெஞ்சு ஓரம் கெசியாவுடைய இடம். ஒன்றாம் வகுப்பிலிருந்தே எந்த டீச்சரிடம் போனாலும் அவளுக்கு அதுதான் இடம். குரல் மணி மாதிரி இருக்கும். ஒரு பாடத்தை இரண்டு தரம் காதில் வாங்கினால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வாள். நிறுத்தற்குறி வருகிற இடத்தில் நிறுத்துவாள். கேள்விக்குறி வந்தால் குரலைத் தூக்குவாள். கையெழுத்தும் அழகு. பலகையில் நான் எழுதியிருப்பதைப் படம் வரைகிற மாதிரி நோட்டில் வரைந்துவிடுவாள். அவள் அம்மா தங்கம்மாள் ஒரு கம்பெனியில் வீடு கூட்டுகிற வேலை. இல்லை, ஆபீஸ் கூட்டுகிற வேலை. ஒரு நாள் என்னிடம் வந்து சொன்னாள்: "டீச்சர், மத்த புள்ளைங்கல்லாம் புக்கைப் பாத்துப் பாத்துப் படிக்குதுங்க. எம்பொண்ணு புக்கையே பாக்காமப் படிக்குது!" அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் பெருமை பெருமைதானே. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சரி, நிரஞ்சனாவுக்கு வருகிறேன். முதல் வேலையாக எல்லாப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சோதித்தாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கையில் ஓர் அட்டை. அட்டையில் நாலு வரி. பலூன் விற்கிற ஒருவரைப் பற்றி. பாடப் புத்தகத்தில் இல்லாதது. படமும் கிடையாது.

கெசியாவைக் கூப்பிட்டபோது நானும் பக்கத்தில் போய் நின்றேன். இவளையாவது பார்க்கட்டும் என்று. கெசியா அட்டையை வாங்கினாள். இரண்டு கையாலும் நேராகப் பிடித்தாள். "ஆறுகள் மலையில் பிறக்கின்றன" என்று ஆரம்பித்து, ஆற்றுப் பாடத்தை முழுக் குரலில் சொன்னாள். ஒரு பிசிறு இல்லை.

அந்தப் பெண் நிரஞ்சனா என்ன செய்தாள் தெரியுமா? கையை நீட்டி அட்டையைத் தலைகீழாகத் திருப்பி, மறுபடியும் கெசியா கையிலேயே கொடுத்தாள். கெசியா நிறுத்தவில்லை. ஆறு கடலில் சேருகிற வரைக்கும் சொல்லி முடித்தாள்.

ஒரு குழந்தையிடம் அப்படிச் செய்யலாமா? நீங்களே சொல்லுங்கள். அதைத்தான் நான் கேட்டேன்.

"டீச்சர், இவளுக்கு வாசிக்கத் தெரியலை."

"ஏம்மா, உனக்குக் காது இருக்குதா இல்லையா? இப்ப என்ன செஞ்சா அவ?"

"மனப்பாடம் பண்ணதச் சொன்னா டீச்சர். ஒரு எழுத்துகூட அடையாளம் தெரியலை. 'ப' எதுன்னு கேட்டேன், காட்டலை."

"புது ஆளப் பாத்தா பிள்ளைங்க பயப்படும். அட்டையத் திருப்பினா பெரியவங்களுக்கே கண்ணு சுத்தும்."

"தலைகீழா இருக்குன்னு அவளுக்குத் தெரியவே இல்லையே டீச்சர்."

"அது மரியாதை. பெரியவங்க குடுத்ததத் திருப்பக் கூடாதுன்னு இருந்திருப்பா."

கெசியா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய் விளையாடுடி என்று அனுப்பினேன்.

பிறகு குலுக்கல். வாசிக்கத் தடுமாறுகிறவர்கள் என்று அவர்கள் பிரித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மட்டும் அந்த அறையில் தினம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பார்கள். மீதிப் பாதிக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். சொல்லிக்கொடுத்தவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்று தெரிய, சொல்லிக்கொடுக்காதவர்கள் கொஞ்சம் பேர் வேண்டுமாம். யார் உள்ளே, யார் வெளியே என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. கெசியா வெளியே.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பார்த்தாயா, கம்ப்யூட்டருக்கே தெரிந்திருக்கிறது என்று பிரேமா டீச்சரிடம் சொன்னேன். பிரேமா ஒன்றாம் வகுப்பு. எதிர்ப்பக்கம், முற்றத்தைத் தாண்டி. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து அ, ஆ கத்துகிற சத்தம் வருகிறதல்லவா? அந்த வகுப்புதான்.

ஆனால் நிரஞ்சனா வராந்தாவில் நின்று போனில் பேசுவதைக் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனேன். "சார், அந்த ஒரு பொண்ண மட்டும் உள்ள எடுத்துக்கலாமா சார்... இல்ல சார், தெரியும் சார்... சரிங்க சார்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வந்தாள்.

"டீச்சர், நான் அவளுக்குச் சொல்லிக்குடுக்கக் கூடாது. குடுத்தா ஆராய்ச்சி கெட்டுடும்னு சார் சொல்றாரு. நீங்க சொல்லிக்குடுக்கலாம். எழுத்துலேருந்து ஆரம்பிக்கணும். தினம் ஒரு அரை மணி நேரம் போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தெரியவில்லை என்று கண்டுபிடித்தவர்கள் இவர்கள். சொல்லிக்கொடுக்க முறை வைத்திருப்பவர்கள் இவர்கள். செய்ய வேண்டியது நானாம்.

"வெளிய இருக்கிற பசங்களுக்கு வழக்கம்போல நடத்துங்கன்னு உங்க சார்தானேம்மா சொன்னாரு? புதுசா எதையும் மாத்தாதீங்கன்னு மீட்டிங்ல ரெண்டு தடவ சொன்னாரே."

"சொன்னாருதான்..."

"அப்ப வழக்கம்போலதான் நடத்துவேன்."

வழக்கம்போலத்தான் நடத்தினேன். ஒப்பந்தப்படி நடந்தது அந்த வருஷத்தில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

டீ வந்துவிட்டது. எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை அதிகமாக இருக்கும், கடைக்காரர் கை அப்படி.

அந்த அறைக்குப் போகிற பிள்ளைகள் பட அட்டை, கதைப் புத்தகம் என்று எதையாவது கையில் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். வெளியே இருப்பவர்கள் அதைப் பார்ப்பார்கள். பிள்ளைகள்தானே. எங்கள் வகுப்பில் டேவிட்ராஜ் என்று ஒருவன். மூன்று வருஷமாக வாயே திறக்காதவன். அவன் ஒரு நாள் பஸ் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டான் என்று அவன் அப்பா ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தார். அறைக்காரர்களுக்குத்தான் கொடுத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார், பிறகு.

கெசியா ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வரிசையில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், நானும் அந்த ரூமுக்குப் போறேன்."

"அது படிக்கத் தெரியாத பிள்ளைங்களுக்குடி. உனக்கு எதுக்கு?"

தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கும்தான் டீச்சர்..." என்றாள்.

"எல்லாப் பாடமும் சொல்ற பொண்ணு நீ. நீ போய் அந்த மக்குங்களோட உக்காந்தா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. முட்டை கொடுக்கிற நாள் அது. அவளுக்கு முட்டை பிடிக்கும்.

அவள் நிரஞ்சனாவிடமும் போய்க் கேட்டிருக்கிறாள். அடுத்த வருஷம்டா என்று அந்தப் பெண் சொன்னாளாம். வெளியே இருக்கிற பிள்ளைகளுக்கு அடுத்த வருஷம் கட்டாயம் சொல்லிக்கொடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது, உண்மைதான். அதிலிருந்து கெசியா அடிக்கடி என்னைக் கேட்பாள். "டீச்சர், அடுத்த வருஷம்னா எப்ப? பொங்கலுக்கு அப்புறமா, பெரிய லீவுக்கு அப்புறமா?" பெரிய லீவுக்கு அப்புறம் என்றேன்.

பொங்கல் முடிந்ததும் பேப்பரில் வந்துவிட்டது. பேராசிரியர் ஏதோ கருத்தரங்கில் பேசியிருக்கிறார். "கால்வாய்க் கரை மாநகராட்சிப் பள்ளி: பாதி மாணவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை" என்று தலைப்பு. அதற்குக் கீழே அவர் சால்வை போட்டுக்கொண்டு நிற்கிற படம். எச்.எம். அவருக்குப் போன் செய்தார். "உங்க பள்ளிக்கூடத்துப் பேரப் போடலையே மேடம்" என்றாராம் பேராசிரியர். கால்வாய்க் கரையில் மாநகராட்சிப் பள்ளி எத்தனை இருக்கிறது? எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான்தான் பிறகு யோசித்தேன், கேட்டிருந்தால் நாங்கள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்போம்.

கல்வி அலுவலர் மறுநாளே வந்தார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேராசிரியரையும் வரச் சொல்லியிருந்தார். என் வகுப்பில்தான் எல்லாரும் வந்து நின்றார்கள். நான் பிள்ளைகளை வழக்கம்போல உட்கார வைத்திருந்தேன்.

அலுவலர் கேள்வி கேட்டார். நாற்பது கை மேலே போனது. நான் கெசியாவைக் காட்டினேன். அவரே பாடப் புத்தகத்தை வாங்கி, நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தார். அவள் அந்தப் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தால் போதும் அவளுக்கு, எந்தப் பாடம் என்று தெரிந்துவிடும். வாசித்தாள். அறையில் ஒரு சத்தமில்லை. பாலத்தில் லாரிகூட வரவில்லை அன்றைக்கு.

"எங்க சார் வாசிக்கத் தெரியலை? இதுக்குப் பேர் என்ன சார்?" என்று அலுவலர் பேராசிரியரைக் கேட்டார்.

பேராசிரியர், "ஒரு குழந்தைய வச்சு முடிவு பண்ண முடியாதுங்க" என்றார். அவருக்குக் கெசியா யார் என்றே தெரியாது. அவருக்கு அவள் ஓர் எண்.

நிரஞ்சனா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பக்கத்தில் போய், "என்னம்மா, புக்கைத் தலைகீழாத் திருப்பிப் பாக்கறியா?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். அவள் கெசியாவைப் பார்த்தாள். கெசியாவும் புத்தகத்துக்கு மேலே கண்ணை எடுத்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"வேணாம் டீச்சர். இத்தனை பேர் முன்னாடி வேணாம்" என்றாள் நிரஞ்சனா.

அவ்வளவுதான். அலுவலர் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக் கெசியாவுக்குக் கொடுத்தார். அந்த வாரமே ஒப்பந்தம் ரத்து. அறையைப் பூட்டினார்கள். அட்டைகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. நிரஞ்சனா போவதற்கு முன்னால் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். வகுப்பு நடக்கிறது என்றேன். போய்விட்டாள். அவளுக்கு வேண்டிய கணக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது, பட்டம் வாங்கிவிடுவாள் என்று யாரோ சொன்னார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. எல்லாரும் வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தானே.

கெசியா பூட்டைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள். "டீச்சர், லீவு முடிஞ்சதும் தொறப்பாங்களா?"

"இனிமே தொறக்க மாட்டாங்கடி. அவங்க வர மாட்டாங்க."

"ஏன் டீச்சர்?"

"எல்லாம் உன்னாலதான்!" என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். தட்டிக்கூடக் கொடுத்தேன். "நீ அவ்ளோ நல்லா வாசிச்சதாலதான் அவங்கள அனுப்பிட்டாங்க. நம்ம ஸ்கூல் மானத்தக் காப்பாத்தினதே நீதான்."

ஒன்றும் சொல்லாமல் நின்றாள். சந்தோஷத்தில் சில பிள்ளைகளுக்குப் பேச்சு வராது. அந்தப் பேனாவை அவள் உபயோகிக்கவே இல்லை, தெரியுமா? பத்திரமாக வைத்திருக்கிறாள் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் விடுகதை போடச் சொல்வேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் எழுந்து இதைப் போட்டாள். நாற்பது தலை, ஒரு வாய். தீப்பெட்டி என்றார்கள், வெண்டைக்காய் என்றார்கள். வெண்டைக்காய் எப்படி என்று எனக்கு இன்னும் புரியவில்லை. டேவிட்ராஜ், "தேங்கா மூட்டை டீச்சர்" என்றான். எல்லாரும் தோற்றுவிட்டோம், நீயே சொல்லு என்றேன்.

"நம்ம கிளாசுதான், டீச்சர். ஆபீசர் வர்ற அன்னிக்கு" என்றாள்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வாய் யார் என்று எல்லாருக்கும் தெரியுமே. என்ன மூளை பாருங்கள். ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் சொன்னேன். எச்.எம்.கூட வீட்டில் போய்ச் சொன்னாராம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. நகைச்சுவை தெரிந்தவர்கள் தாங்களே சிரிக்க மாட்டார்கள்.

பிறகு முழுப் பரீட்சை வந்தது, பெரிய லீவு வந்தது. லீவு முடிந்து ஐந்தாம் வகுப்பு. அந்த அறையைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை. நீங்கள் வரப்போகிறீர்கள் என்று நேற்று எச்.எம். சொன்னார். உங்களுக்குக் கெசியாவை வாசிக்கச் சொல்லிக் காட்ட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் பள்ளி எப்படி என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.

காலையில் பிரேயர் முடிந்ததும் அவளிடம் சொன்னேன். "கெசியா, இன்னிக்கு காலேஜ்லேருந்து ஆள் வர்றாங்க. ரெண்டாவது பெஞ்சு ஓரம்."

தலையை ஆட்டினாள். பையை எடுத்துக்கொண்டாள். பெஞ்சுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். வாசலைத் தாண்டி முற்றத்தில் இறங்கினாள். தண்ணீர் குடிக்கப் போகிறாளாக்கும் என்று நினைத்தேன். குழாயையும் தாண்டிப் போனாள்.

பிரேமா டீச்சர் கேட்பது என் வகுப்பு வரைக்கும் கேட்டது. "என்னடி, யாரத் தேடற? தம்பி யாராவது இந்த வருஷம் சேந்திருக்கானா?"

"இல்ல டீச்சர். நான் இங்க உக்காரப் போறேன்."

"அஞ்சாங் கிளாசு பொண்ணு இங்க உக்காந்து என்ன பண்ணப் போற?"

அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. பாலத்தில் லாரி போய்க்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்று இரண்டு தரம் கூப்பிட்டேன். என் குரல் கேட்காத இடமே இந்தப் பள்ளியில் கிடையாது. திரும்பி என்னைப் பார்த்தாள். வரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு பாயில், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.